குட்டை ரக மலைப்பாம்புகள்: இராமநாதபுரக் கடற்கரையில் எதை வளர்க்கலாம், எதைத் தொடக்கூடாது

கீழக்கரை, பரமக்குடி, மண்டபம் போன்ற ஊர்களில் வண்ணமீன் தொட்டியும் பறவைக் கூண்டும் வைத்துப் பழகிய இளைஞர்கள் சிலர் இப்போது மலைப்பாம்பு வளர்ப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ப்பவர்கள் வெளியிடும் காணொளிகளைப் பார்த்து, உலகிலேயே நீளமான பாம்பினத்தின் அழகும் அறிவும் மாறாமல், கைக்கு அடக்கமான அளவில் ஒரு ரகம் கிடைக்கிறது என்று அவர்கள் அறிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் முன்னே நான்கு வழிகள் நிற்கின்றன: குட்டை ரக ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு, குட்டை ரக பர்மிய மலைப்பாம்பு, பால் பைத்தான் எனப்படும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு, ஆஸ்திரேலியாவின் சிறு மலைப்பாம்புகள். எதையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது ஐந்தாவது வழி; அதையும் சம மதிப்புள்ள ஒரு தேர்வாகவே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் குடியிருப்பவருக்கு முதல் இரண்டும் வழியே அல்ல. மூன்றாவது, பதிவுத் தாள்கள் முறையாக இருந்தால் மட்டும், வளர்ப்பதற்கு ஏற்றது. இனப்பெருக்கம் செய்வதற்கு நம் கடற்கரையின் வெப்பமும் மின்சாரமும் சுற்றுப்புறமும் பெரும்பாலான வீடுகளில் இடம் தரா. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விளக்கும்போது, முதல் இரண்டு ரகங்களைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், "இது குட்டை ரகம், பெரிதாக வளராது, சட்டச் சிக்கல் இல்லை" என்ற ஒரே பேச்சில்தான் குட்டிப் பாம்புகள் கைமாறுகின்றன, அந்தப் பேச்சின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கப்பட வேண்டியது.

குட்டை ரகம் என்பது எங்கிருந்து வந்தது

ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவியிருக்கும் இனம். நம் நாட்டில் நிக்கோபார் தீவுகளில் இயற்கையாகவே வாழ்கிறது. பெருநிலத்து வகையின் பெண் பாம்பு வளர்ப்பில் 4 முதல் 6 மீட்டர் வரை நீள்வது வழக்கம். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் வளர்க்கப்பட்ட மெடூசா என்ற பெண் பாம்பு 2011இல் 7.67 மீட்டர் என்று அளக்கப்பட்டு கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அத்தகைய பாம்பைத் தூக்குவதற்கே பல பேர் தேவை.

இதே இனம் இந்தோனேசியாவில் சுலவேசிக்குத் தெற்கே, புளோரஸ் கடலில் சிதறிக்கிடக்கும் சிறு தீவுகளிலும் வாழ்கிறது. அங்கே பெரிய இரை குறைவு. அதிக உணவு வேண்டும் உடலைவிடக் குறைந்த உணவில் வாழ்ந்து இனம்பெருக்கும் உடலே தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. சலாயர் தீவின் பாம்பும் தானாஜம்பியா தீவின் பாம்பும் 2002இல் தனித்தனித் துணையினங்களாக விவரிக்கப்பட்டன. இவற்றுள் ஜம்பியா பாம்பு பெரும்பாலும் 3 மீட்டருக்குள் நின்றுவிடும். சலாயர் அதைவிடச் சற்றுப் பெரியது. இன்னும் சிறிய கலாவோதோவா, மாடு, கரோம்பா ஆகிய தீவுகளிலிருந்து வந்த வழித்தோன்றல்களைத்தான் வளர்ப்பவர்கள் "சூப்பர் டுவார்ஃப்" என்கிறார்கள். அவற்றின் ஆண் பாம்புகள் ஏறத்தாழ 1.5 முதல் 2 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுவதுண்டு.

இதுவரை சொன்னது கலப்பில்லாத தீவுப் பாம்பைப் பற்றியது. சந்தையில் புழங்குபவற்றில் பெரும்பகுதி கலப்பு. பெருநிலத்து வகையில் தோன்றிய வெளிறல், வரிமாற்றம் போன்ற நிறவகைகளைச் சிறிய உடலில் காண வேண்டும் என்ற விருப்பத்தால், தீவுப் பாம்பையும் பெருநிலத்துப் பாம்பையும் இணைசேர்த்து, பிறக்கும் குட்டிகளுக்கு 50 விழுக்காடு, 75 விழுக்காடு, 37.5 விழுக்காடு என்று பெயரிட்டு விற்கிறார்கள். வாங்குபவர் இந்த இடத்தில்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். முதல் தலைமுறைக் கலப்பில் குட்டிக்குப் பாதி மரபணு தீவுப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பது உறுதி. அந்தக் குட்டி வளர்ந்து இன்னொரு கலப்புப் பாம்போடு சேர்ந்தபின் பிறப்பவற்றில், விழுக்காடு என்பது வம்சாவளியை வைத்துப் போட்ட சராசரிக் கணக்கு மட்டுமே. ஒரே ஈட்டில், அதாவது ஒருமுறை இட்ட முட்டைத் தொகுதியில், பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று தீவுப் பங்கை அதிகமாகவும் மற்றொன்று மிகக் குறைவாகவும் பெற்றிருக்கலாம். உடல் அளவை ஒரே ஒரு மரபணு முடிவு செய்வதில்லை, பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. நம் பக்கத்தில் ஜெர்சிக் கலப்புப் பசு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே தாய்க்கும் ஒரே காளையின் ஊசிக்கும் பிறந்த இரண்டு கன்றுகள் மடியிலும் உடற்கட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இன்னொரு சிக்கல் தீவனம். மலைப்பாம்பின் வளர்ச்சி உணவைப் பொறுத்து வெகுவாக மாறும். பெருநிலத்துக் குட்டியை அரைப்பட்டினியில் வைத்திருந்தால் இரண்டு வயதில் அது குட்டை ரகம் போலவே தோன்றும். புதிய வீட்டில் வயிறாரத் தின்றபின் நீளத் தொடங்கும். மறுபுறம், உண்மையான தீவுப் பாம்புக்கு அளவுக்கு மீறி எலி கொடுத்தால் அதுவும் தன் தீவில் ஒருபோதும் எட்டாத அளவை எட்டுவதோடு கொழுப்பேறி ஈரலும் கெடும். ஆகவே குட்டியின் இன்றைய நீளத்தை வைத்து முடிவெடுப்பது வீண். அதன் தாயும் தந்தையும் நான்கு, ஐந்து வயதைக் கடந்தபின் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு தீனி தின்றன என்ற ஏட்டைக் கேட்க வேண்டும். அந்த ஏடு இல்லாதவரிடம் விழுக்காட்டுக் கணக்குக்குப் பொருளில்லை. சட்டம் இடம் தரும் நாட்டில் வாழ்ந்து இந்த ரகத்தை வளர்க்க எண்ணும் தமிழர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான அறிவுரை இதுதான்.

குணத்தைப் பொறுத்தவரை, ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு சுறுசுறுப்பானது. சுற்றிலும் நடப்பதைக் கவனிப்பது. வளர்ப்பவரின் நடமாட்டத்துக்குப் பழகிக்கொள்வது. அதே சுறுசுறுப்பு தீனி நேரத்தில் மின்னல் வேகத் தாக்குதலாக மாறும். கூண்டுக் கதவு திறந்தால் எலிதான் வரும் என்று அது பழகிவிடாமல் இருக்க, கொக்கியால் உடலை மெதுவாகத் தொட்டுவிட்டுப் பிறகே கையை நுழைப்பது வழக்கம். 2 மீட்டர்ப் பாம்பு கவ்வினாலும், பின்னோக்கி வளைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள் ஆழமாகக் கிழிக்கும். உடல் சிறுத்ததால் குணமும் சிறுத்துவிடும் என்று எண்ணக்கூடாது.

சட்டம்: கடல் அட்டை கற்பித்த பாடம்

நம் கரைக்காரர்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2001இல் கடல் அட்டையும் கடல் குதிரையும் அதில் சேர்க்கப்பட்டபின் அட்டை பிடித்ததற்காகவும் பதுக்கியதற்காகவும் சிறை சென்றவர்களைப் பாம்பனிலும் வேதாளையிலும் தேவிபட்டினத்திலும் எல்லாருக்கும் தெரியும். மலைப்பாம்புகளும் அதே முதல் அட்டவணையில்தான் இருக்கின்றன. நம் நாட்டு மலைப்பாம்பு, பர்மிய மலைப்பாம்பு, ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு மூன்றும் இந்திய மண்ணில் இயற்கையாக வாழ்பவை. பர்மிய மலைப்பாம்பு வடகிழக்கு மாநிலங்களில் காணப்படுகிறது. சட்டம் இனத்தைப் பார்க்கிறதே தவிர உடலின் நீளத்தைப் பார்ப்பதில்லை. கலாவோதோவாத் தீவின் வழித்தோன்றலாக இருந்தாலும் அது ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புதான். முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

ஆகவே குட்டை ரக ரெட்டிகுலேட்டட், குட்டை ரக பர்மியம் இரண்டையும் இந்த மாவட்டத்தில் வீட்டில் வைத்திருப்பதற்கோ ஈட்டுக்கு (இனப்பெருக்கத்துக்கு) விடுவதற்கோ நேர்வழி இல்லை. "வெளிநாட்டில் பிறந்தது, கூண்டில் பிறந்தது" என்ற பேச்சு இங்கே காப்பாற்றாது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் வழியாக முயலலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைத்திருக்க அனுமதி இல்லை. மலேசியாவில் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட இனம். வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். பயணப் பெட்டியில் துணிக்குள் சுற்றிக் கொண்டுவரப்பட்ட குட்டிப் பாம்புகள் சென்னை, திருச்சி விமான நிலையங்களில் அவ்வப்போது பிடிபடுவதைச் செய்திகளில் பார்க்கிறோம். பிடிபடுபவர் பெரும்பாலும் பணத்துக்காகப் பெட்டியைச் சுமந்துவந்த ஏழைப் பயணி என்பதும், பெட்டிக்குள் மூச்சுத்திணறி இறந்த குட்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதும் எனக்கு மிகுந்த வேதனை தருகின்றன.

மற்ற நாட்டு மலைப்பாம்புகளின் நிலை வேறு. பந்து மலைப்பாம்பு போன்றவை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்திருக்கின்றன. இவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். 2020இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க ஆறு மாத வாய்ப்பு அளித்தது; 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. வைத்திருத்தல், கைமாற்றம், குட்டி பிறத்தல் ஆகியவற்றைப் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பதிவு எண். "முதலில் பாம்பை எடுத்துச் செல்லுங்கள், தாளைப் பிறகு அனுப்புகிறேன்" என்பவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது. ஐயம் இருந்தால் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடலாம்.

பர்மியக் குட்டை ரகம் பற்றிச் சுருக்கமாக

சுலவேசித் தீவில் வாழும் பர்மிய மலைப்பாம்பு 2009இல் தனித் துணையினமாக விவரிக்கப்பட்டது, ஏறத்தாழ 2.4 மீட்டருக்குள் நிற்பது. பெருநிலத்து பர்மியத்தைப் போலவே அமைதியானது, கையாள எளியது. ரெட்டிகுலேட்டட் குட்டை ரகத்தோடு ஒப்பிட்டால், முதல் முறை வளர்ப்பவருக்கு இதுவே பொருத்தம் என்று வெளிநாட்டில் இருப்பவருக்குச் சொல்வேன். நம் ஊருக்கு இதுவும் ஆகாது. சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு.

அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்பவர்களிடமிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் பாலூட்டிகளை ஏறக்குறைய துடைத்துவிட்டன. 2012இல் வெளிவந்த ஆய்வு, அங்கே ரக்கூன்கள் தென்படுவது 99 விழுக்காடும் ஒப்போசம்கள் தென்படுவது 98 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்ததைக் காட்டியது. அவற்றைப் பிடிக்க வழி தெரியாமல் தவித்தபோது, 2017இல் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அங்கே அழைக்கப்பட்டார்கள். தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அவர்களது அறிவுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அந்தப் புளோரிடாப் பாம்புகளில் சிலவற்றில் இந்திய மலைப்பாம்பின் மரபணுவும் கலந்திருப்பது 2018இல் தெரியவந்தது. அதாவது இரண்டு இனங்களும் கலந்து குட்டி போடக்கூடியவை. நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய கண்மாய்களில் மழைக்குப் பின் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. முதல் இரண்டும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. கரையெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிய அந்தக் கண்மாய்களின் பக்கம், வளர்க்க முடியாமல் போன ஒரு சோடி பர்மியப் பாம்பை இரவில் யாராவது கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது. உடல் 2.4 மீட்டரில் நின்றாலும் கூட்டுக் குஞ்சுகளுக்கு அது போதுமான எமன்தான்.

பந்து மலைப்பாம்பு

மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்த இந்தப் பாம்பின் பெண் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை வளரும். எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ. ஆண் இன்னும் சிறியது. அச்சம் வந்தால் தாக்குவதைவிடத் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்வதே இதன் வழக்கம். 20 முதல் 30 ஆண்டு வாழ்வது இயல்பு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவில் 60 வயதைக் கடந்த ஒரு பெண் பாம்பு, பல ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாமலிருந்தும், 2020இல் ஏழு முட்டைகள் இட்டது. இருபது வயதில் இதை வாங்கும் இளைஞர், தம் திருமணம், வெளிநாட்டு வேலை, வீடு மாற்றம் அனைத்துக்கும் அப்பால் இதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை வீட்டில் கண்டாக வேண்டும். வளைகுடா வேலைக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர் என்றால் வாங்காமலிருப்பதே நல்லது.

இதன் கூண்டில் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரியும் மறுபக்கம் 25 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. குளிர் நாட்டில் சூடேற்றுவதுதான் கவலை. இங்கே சிக்கல் தலைகீழானது. சித்திரை, வைகாசியில் கான்கிரீட் தளத்தின் கீழுள்ள மாடி அறை பகலில் 36, 37 டிகிரியை எட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் இன்னும் மோசம். குளிர்ந்த பக்கம் என்று ஒன்று கூண்டில் இல்லாமலே போய்விடும். இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் பல. அந்த மாதங்களில் பாம்பு தண்ணீர்த் தட்டில் விழுந்து கிடக்கும். அது குளித்து மகிழ்வதாக எண்ணிக்கொள்ளக்கூடாது, வெப்பத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறது. தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த அறை, தடித்த சுவர், முடிந்தால் ஓட்டுக் கூரை இருக்கும் பழைய வீடுதான் இதற்கு ஏற்றது. கீழக்கரையின் பழைய முற்றம் வைத்த வீடுகளின் உள்ளறைகள் இதற்குப் பொருத்தமானவை. பாம்புக்காகக் குளிர்சாதனம் ஓட்டத்தான் வேண்டும் என்ற நிலையிலுள்ள வீட்டில், மின்தடை ஏற்படும் ஒரு பிற்பகலே அதன் உயிரைப் பறிக்கப் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் சிக்கல் மாறும். வடகிழக்குப் பருவமழையில் காற்றின் ஈரப்பதம் ஏறி, அடைத்த கூண்டில் காற்று நின்றுவிட்டால், மூக்கில் குமிழியும் வாயோரம் எச்சிலுமாக மூச்சுக்குழல் தொற்று வரும். இந்த மாதங்களில் தண்ணீர்த் தட்டைச் சிறிதாக்கி, காற்றுத் துளைகளைத் திறந்துவைத்து, வெம்மைப் பக்கத்தைக் கட்டாயம் 31 டிகிரியில் நிறுத்த வேண்டும்.

கடற்கரைக்கே உரிய இன்னொன்று உப்புக்காற்று. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திருகு முனைகளும், உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் மண்டபம், பாம்பன் போன்ற இடங்களில் வெகு சீக்கிரம் அரித்துப்போகும். ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றால் வெப்பத் தகடு இரவு முழுவதும் எரியும். பாம்பின் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, பிறகு உரிந்து, புண்ணாகிய பின்தான் வளர்ப்பவருக்குத் தெரியவரும். எனவே தெர்மோஸ்டாட்டைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைப்பதும், மாதம் ஒருமுறை முனைகளைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பதும், தகட்டின்மேல் தனியாக ஒரு வெப்பமானி வைப்பதும் கட்டாயம்.

தீனிக்கு ஆய்வகத்தில் அல்லது பண்ணையில் வளர்ந்த எலி வேண்டும். வயலில் பிடித்த எலியின் உடலில் எலி மருந்து இருக்கக்கூடும். அது பாம்புக்கும் நஞ்சு. உயிரோடு விடும் எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும் என்பதால், கொன்று உறையவைத்து, வெந்நீரில் இளக்கித் தருவதே நல்ல முறை. வளர்ந்த பாம்புக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். குளிர் மாதங்களில் வாரக்கணக்கில் தின்னாமலிருப்பது இதன் இயல்பு. எடை குறையாதவரை பதறி வாயைத் திறந்து திணிக்கக்கூடாது. உறைந்த எலியை வீட்டுச் சமையலறைக் குளிர்பெட்டியில் வைக்க அம்மா ஒப்புக்கொள்வாரா என்பதை வாங்குவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

நிறவகையைத் தேர்பவர்கள் "ஸ்பைடர்" எனப்படும் வகையைத் தவிர்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அந்த மரபணுவைச் சுமக்கும் பாம்புகளின் உட்காது சரியாக உருவாவதில்லை. தலை ஆடும், இரையைக் குறிவைத்துத் தாக்க முடியாமல் தடுமாறும். அழகுக்காக ஒரு உயிரை ஆயுள் முழுவதும் தலைசுற்றலோடு வாழவைப்பது சரியாகாது.

ஆஸ்திரேலியச் சிறு மலைப்பாம்புகள்

புள்ளி மலைப்பாம்பு, சில்ட்ரன் மலைப்பாம்பு போன்றவை ஏறத்தாழ 1 மீட்டர் அளவில் நிற்பவை. வெப்பத்தையும் வறட்சியையும் பந்து மலைப்பாம்பைவிட நன்றாகத் தாங்குபவை. நம் கரைக்கு உடலளவில் மிகப் பொருத்தமானது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியா தன் நாட்டு விலங்குகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதில்லை. பிற நாடுகளில் வளர்ப்பில் பிறந்தவற்றைத்தான் உரிமங்களோடு இறக்குமதி செய்ய வேண்டும். இராமநாதபுரத்தில் வாழும் ஒருவருக்கு, முறையான தாளோடு இது கிடைப்பது அரிது என்பதால் இதை மேலே விரித்துப் பேசப்போவதில்லை.

ஈட்டுக்கு விடுவது பற்றி

வளர்ப்பதும் ஈடெடுப்பதும் வேறு வேறு வேலைகள். குட்டை ரக ரெட்டிகுலேட்டட் பெண், நான்கு வயதைக் கடந்தபின் ஈடு போடுவது நல்லது. பெருநிலத்துப் பாம்பு ஐம்பது முட்டைக்கு மேலும் இடக்கூடியது என்றால், தீவுப் பாம்பு இடுவது அதில் சிறு பங்கு. அடைகாலம் ஏறத்தாழ 80 முதல் 90 நாள். பர்மியத்தில் அடைகாலம் இரண்டு மாத அளவு. தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளைத் துடிக்கவைத்துத் தானே வெப்பம் உண்டாக்கும், பாம்புகளில் இது மிக அரிய திறமை. பந்து மலைப்பாம்பு 3 முதல் 11 முட்டை இடும். 31, 32 டிகிரியில் 55 முதல் 60 நாளில் பொரியும். ஈட்டுக்கு விடும் பெண் 1,500 கிராமுக்குக் குறையக்கூடாது. முட்டையிடுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு அது ஒருமுறை தோல் உரிக்கும். நாள் கணக்கை அதிலிருந்து தொடங்கலாம்.

முட்டையை அடைப்பெட்டிக்கு மாற்றும்போது புரட்டக்கூடாது. இட்ட நிலையில் மேலே இருந்த பக்கம் மேலேயே இருக்கும்படி பென்சிலால் குறியிட்டு, ஈரத்தைத் தேக்கிவைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளை நனைத்து, அதில் பாதி புதைய வைக்க வேண்டும். இருட்டறையில் கைப்பேசி விளக்கை முட்டையில் ஒட்டிப் பிடித்தால், கரு உயிருள்ளதாக இருந்தால், ஓட்டின் உட்புறம் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்து, ஒரு புள்ளியிலிருந்து கிளைவிடும் இரத்தக் குழாய்கள் தெரியும்; கரு இல்லாதது மஞ்சளாக வெறுமையாக ஒளிரும். கடைசி இரண்டு வாரங்களில் ஓடு தளர்ந்து குழிவிழும். புதிதாகப் பார்ப்பவர் முட்டை கெட்டுவிட்டதென்று தூக்கி எறிந்துவிடுவார், எறியக்கூடாது. குட்டி தன் முட்டைப் பல்லால் ஓட்டைக் கீறி, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, மீதமுள்ள கருவுணவை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு நாளோ அதற்கு மேலோ அப்படியே கிடக்கும். அப்போது அதை இழுத்து வெளியே எடுப்பது கொலைக்குச் சமம்.

இந்தப் பெட்டி 34 டிகிரியைத் தாண்டினால் குட்டிகள் முதுகு வளைந்து பிறக்கும் அல்லது உள்ளேயே சாகும். மாசி, பங்குனியில் இடப்படும் முட்டைகள் நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயிலுக்குள்தான் அடைகாக்கப்படும். சந்தையில் கிடைக்கும் அடைப்பெட்டிகளில் பெரும்பாலானவை சூடேற்றத்தான் தெரிந்தவை, குளிர்விக்கத் தெரியாதவை. அறையே 36 டிகிரியில் இருக்கும்போது பெட்டி 32இல் நிற்காது. சூடும் குளிரும் இரண்டும் தரும் பெட்டியும் இன்வெர்ட்டரும் இல்லாமல் இந்தக் கரையில் ஈடெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதற்குப் பிறகு குட்டிகள். எட்டுக் குட்டி என்றால் எட்டுத் தனிப் பெட்டி, எட்டுப் பேரின் தீனி, அனைத்துக்கும் பிறப்புத் தெரிவிப்பு. வாங்க ஆள் வராவிட்டால் எட்டும் பல ஆண்டுகளுக்கு உங்கள் பொறுப்பு. புதிதாக ஒரு பாம்பை வாங்கிச் சோடி சேர்ப்பவர், மூன்று மாதம் அதைத் தனி அறையில் வைத்து, மூச்சுக்குழலைத் தாக்கும் நச்சுயிரித் தொற்றும், கண்ணோரத்தில் கருமிளகுப் பொடி போல ஒட்டும் பாம்பு உண்ணியும் இல்லையென்று உறுதி செய்த பிறகே பழைய பாம்பின் பக்கம் கொண்டுவர வேண்டும். நோய் வந்தால் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடி மாவட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

அக்கம்பக்கம்

ஒரு தீங்கை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்ப்புப் பாம்பு தப்பிவிட்டது என்ற செய்தி ஊரில் பரவினால், வேலியோரம் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனைக் குட்டி மலைப்பாம்பென்று எண்ணி ஒரு சிறுவன் கையால் எடுக்கலாம். உடல் தடிமனும் பழுப்புத் திட்டுகளும் இரண்டையும் ஒன்றுபோல் காட்டும். கண்ணாடி விரியனின் திட்டுகள் சங்கிலி கோத்ததுபோல் முதுகில் வரிசையாக ஓடும், சீறல் குக்கர் ஆவி போல உரக்க இருக்கும். ஆனால் கருக்கல் நேரத்தில் சிறுவன் அதையெல்லாம் பார்த்து நிற்கமாட்டான். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் தெருவில் பாம்பு வைத்திருப்பவர், பூட்டுள்ள கூண்டை மட்டுமன்றி, கதவிடுக்கும் சாக்கடைக் குழாயும் அடைக்கப்பட்ட தனி அறையையும் வைத்திருக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். சொல்லத் தயங்குகிற சூழல் என்றால், அந்தத் தெருவில் வளர்க்காமலிருப்பதே நல்லது.

எதையும் வாங்காமல்

பெரிய மலைப்பாம்பின் மேல் உண்மையான ஈடுபாடு உள்ளவருக்கு, வீட்டுக்கூண்டைவிட நிறைவான வழிகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. கிண்டியில் பாம்புப் பண்ணை 1972 முதல் இயங்குகிறது; வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் பாம்பகம் உண்டு; வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விரியன், நாகம் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துத் தருகிறது. ஒரு நாள் முழுதும் அங்கே செலவிடுபவர், காணொளியில் பல மாதம் பார்த்ததைவிட அதிகம் கற்றுக்கொள்வார். நம் மாவட்டத்தில் வீடுகளுக்குள் புகும் பாம்புகளைத் தீயணைப்புத் துறையும் வனத்துறையும் மீட்கின்றன. மழைக்காலத்தில் கண்மாய்க் கரையில் பிடிபடும் சாரையையும் கொம்பேறி மூக்கனையும் அடித்துக் கொல்லாமல் தகவல் சொல்லும்படி தெருவிலுள்ளவர்களைப் பழக்குவதற்கு உரிமமோ கூண்டோ தேவையில்லை. இருதலைப் பாம்பென்று சொல்லி மண்ணுள்ளிப் பாம்பைப் பிடித்து விற்க அலையும் கும்பலைப் பற்றி வனத்துறைக்குச் சொல்வதும் இதில் சேரும்.

பந்து மலைப்பாம்பைத் தாளோடு வாங்கியே தீருவேன் என்பவருக்கு: ஒரே ஒரு ஆண் பாம்பை வாங்குங்கள். ஆண் சிறியது, குறைவாகத் தின்னும், முட்டையிடும் கவலையும் இல்லை. ஒரு சித்திரையும் ஒரு கார்த்திகையும் அது உங்கள் வீட்டில் எடை குறையாமல் கடந்துவிட்டதா என்று ஏட்டில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பெண் பாம்பு வேண்டும் என்று தோன்றினால், முதலில் அடைப்பெட்டியை வாங்கி, முட்டையின்றி வெறுமனே, வைகாசி முழுவதும் 32 டிகிரியில் ஓட்டிப் பாருங்கள்.